மூன்று முறை குலுக்கிய டம்ளர்

சுகந்தி,

இந்தக் கடிதத்தை உன் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் டப்பாவுக்குக் கீழே வைக்கப் போகிறேன். மதியம் உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் நீ சாப்பிட உட்காரும்போது கையில் தட்டுப்படும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதும் அப்பனை நினைத்து முதலில் சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி. முப்பத்து நான்கு வருஷம் வகுப்பில் நின்று பேசியவன் நான். போதகர் வர முடியாத ஞாயிறுகளில் சபையில் பிரசங்கமும் செய்திருக்கிறேன். ஆனாலும் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாளாக முயன்றேன். ஒவ்வொரு தடவையும் வேறு எதையாவது கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன். நேற்று உன்னிடம் சைக்கிளுக்குக் காற்று போதுமா என்று இரண்டு முறை கேட்டேனே, அந்த இரண்டு முறையும் இதைச் சொல்லத்தான் வந்தேன்.

நீ படித்த பிறகு, உனக்குச் சம்மதமானால், இதை நம் சபையாருக்கும் வாசித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். அவர்களில் பலர் இதே காரியத்துக்காக என்னைத் தேடி வந்தவர்கள். ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் விளக்கி எழுதுவேன். பழைய வாத்தியார் பழக்கம் என்று பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நீ வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, ஒரு கவரை என் முன்னால் வைத்தாய். "அப்பா, அந்த மலை ஆஸ்பத்திரியில மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க. அதே லேப் டெக்னீஷியன் படிப்பு, ரெண்டு வருஷம். அடுத்த மாசம் சேரணும்" என்றாய். நீயாக எழுதிப் போட்டாயா என்று கேட்டேன். "ம். சொல்லாம எழுதிட்டேன். கோவமா?" என்றாய். கோபம் என்னம்மா என்றேன். அப்போது நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "அப்ப ஞாயித்துக்கிழமை சீட்டுப் போட்டுப் பாத்துடுங்கப்பா. போன வாட்டி மாதிரி வேணாம்னு வந்தா விட்டுடறேன்." விட்டுடறேன் என்பதை எவ்வளவு லேசாகச் சொன்னாய்! பஸ் வரவில்லை என்றால் நடந்து வந்துவிடுகிறேன் என்பதுபோல.

நம் சபையில் சீட்டுப் போடுவது எப்படி என்று உனக்குத் தெரியும். ஒரு காரியத்தில் கர்த்தருடைய சித்தம் என்னவென்று புரியாதபோது, ஒரே அளவில் இரண்டு காகிதம் கிழித்து, ஒன்றில் சரி என்றும் ஒன்றில் வேண்டாம் என்றும் எழுதி, சுருட்டி, எவர்சில்வர் டம்ளரில் போட்டு, உள்ளங்கையால் மூடிக் குலுக்கி, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுப்பது. யாருக்குப் பெண் கொடுப்பது, எந்த இடத்தில் போர் போடுவது, வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வருவார்கள். வாத்தியார் கை சுத்தமான கை என்று ஒரு பெயர். ஆதிச் சீடர்களே சீட்டுப் போட்டுத்தானே தங்களுக்குள் காலியான ஓர் இடத்தை நிரப்பினார்கள் என்று நானும் அதற்கு ஆதாரம் சொல்வேன். அவர்கள் செய்ததில் ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனிக்காமல் விட்டேன். அவர்கள் முன்னே நின்ற இரண்டு பேரில் யார் பெயர் வந்தாலும் ஏற்றுக்கொள்ள அவர்கள் தயாராக இருந்தார்கள். தயாராக இருந்த பிறகுதான் போட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, 2004 ஜூன் மாதத்தில், முதல் தடவை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குக் கடிதம் வந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காலையில் எழுந்து குளித்து, சட்டை போட்டு, பேனாவை எடுத்துப் பையில் குத்திக்கொண்டு, அதன் பிறகு போக இடம் இல்லை என்று நினைவு வந்து உட்கார்ந்துவிடுவேன். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறாமல் இருந்தது. தினமும் ஊசி போட்டது நீ. உன்னை விட்டால் எங்களுக்கு வேறு பிள்ளையும் இல்லை. நீ போய்விட்டால் இந்த வீட்டில் ஒரு நோயாளியும் ஒரு வேலையற்றவனும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. இதை நான் அன்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்குள்ளேகூட இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொள்ளவில்லை. "ஜெபத்தோடு முடிவு பண்ணலாம்" என்றுதான் சொன்னேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த மதியம். நீயும் அம்மாவும் வெளியறையில் இருந்தீர்கள். நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய பாடக்குறிப்பு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, ஒன்றில் 'போகலாம்' என்றும் ஒன்றில் 'வேண்டாம்' என்றும் எழுதினேன். டம்ளரைக் குலுக்கி, ஜெபம் பண்ணி எடுத்தேன். 'போகலாம்' வந்தது.

சுகந்தி, அந்தச் சீட்டைப் பிரித்த உடனே நான் மறுக்கவில்லை. அதுதான் இதில் மோசமான பகுதி. நான் ஒரு குறை கண்டுபிடித்தேன். முழங்கால்படியிடாமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜெபித்துவிட்டோமே என்று நினைத்தேன். சீட்டை மறுபடி சுருட்டிப் போட்டு, முழங்காலில் நின்று எடுத்தேன். மறுபடியும் 'போகலாம்'. இந்தத் தடவை, ஒரு சீட்டு மற்றதைவிடத் தளர்வாகச் சுருண்டிருக்கிறது, விரல் தானாக அதற்குத்தான் போகும் என்று தோன்றியது. இரண்டையும் இறுக்கிச் சுருட்டினேன். மூன்றாவது தடவை 'வேண்டாம்' வந்தது. மூன்றாவதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. விடைத்தாள் திருத்தும்போது நான் மற்ற வாத்தியார்களுக்குச் சொல்வதுண்டு: பிடித்த பையன் மார்க்கு குறைந்தால் மட்டும் மறுபடி கூட்டிப் பார்க்காதீர்கள், கூட்டினால் எல்லோருடையதையும் கூட்டுங்கள் என்று. அதைச் சொன்ன வாய்தான், அந்த மூன்றாவது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்றது. மற்ற சீட்டைப் பிறகு அடுப்பில் போட்டேன்.

வெளியே வந்து உன்னிடம் நீட்டினேன். நீ பிரித்துப் படித்தாய். உன் முகம் சுருங்கவில்லை. "சரிப்பா. கர்த்தர் வேணாம்னா வேணாம்தான்" என்றாய். பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவளாக என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னாப்பா ஆசை? நான் போவணும்னு இருந்துச்சா, வேணாம்னு இருந்துச்சா?" என்று கேட்டாய். "என் ஆசையில என்னாம்மா இருக்குது. எல்லாம் அவர் சித்தம்" என்றேன். நான் செய்த தவறு டம்ளரில் இருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, அது இந்தப் பதிலில் இருக்கிறது. நீ நேராகக் கேட்டாய். நான் கர்த்தரைப் பிடித்து எனக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த மாதமே நீ உப்பு பாக்கெட் போடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். பட்டப்படிப்பில் ரசாயனம் படித்த பெண், ஒரு சொட்டு மருந்தை உப்பில் விட்டு, அது நீலமாகிறதா, அயோடின் சரியாக இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவை எனக்கும் செய்து காட்டினாய். "பாருங்கப்பா, நம்ம கண்ணுக்கு எல்லா உப்பும் ஒண்ணுதான். ஒரு சொட்டு விட்டாத்தான் எது எப்பிடின்னு தெரியுது" என்றாய். நான் தலையை ஆட்டிவிட்டுச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மேல் அந்த ஒரு சொட்டு விழுந்தது அதே வருஷம் டிசம்பரில். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் உள்ளே வந்த காலையில் நாம் ஜெபவீட்டில் பாய் விரித்துக்கொண்டிருந்தோம். உனக்கு நினைவிருக்கும். ரோட்டில் ஆட்கள் மேற்கே பார்த்து ஓடி வந்தார்கள். நம் சபையில் அன்று போனது ஒரே உயிர், மார்த்தாவின் வீட்டுக்காரர் சாமுவேல். இரண்டு பேரும் உப்பளத்தில் பாத்தி மிதித்து உப்பு வாரும் வேலை செய்தவர்கள். மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லை. சாமுவேல் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு மீன் வாங்கப் போனவர். மறுநாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மார்த்தாவை உனக்குத் தெரியும். என்னைக் கேலி செய்வதற்கென்றே சபைக்கு வருகிறவள். "சாரு பிரசங்கத்த ஆரம்பிச்சா பாத்தித் தண்ணி காஞ்சி உப்பாயிடும், ஆமென் மட்டும் வராது" என்று என் காது கேட்கவே சொல்வாள். அடக்கத்துக்கு மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். போதகர் வேறு ஊர்களில் சாவு வீடுகளுக்குப் போயிருந்தார். ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான்தான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரிய முதலியார்சாவடியிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த அவளுடைய அண்ணன் ஒரு மூலையில் தலைகுனிந்து இருந்தான். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "மார்த்தா, எல்லாம் தேவ சித்தம்மா. நம்ம கையில என்னா இருக்குது."

அவள் தலையைத் தூக்கினாள். "மீனு கேட்டது நானு, சாரு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள்: "தூங்கிக்கினு இருந்த மனுசன எழுப்பி உட்டது நானு. எங்கண்ணன் வந்திருக்கான், ரெண்டு நாளா கறியே தின்னு நாக்கு செத்துப் போச்சு, எழுந்து போய் கொஞ்சம் மீனு வாங்கியான்னு நாந்தான் சொன்னேன். கர்த்தரு ஒண்ணும் மீனு கேக்கல."

"அலை வரும்னு உனக்குத் தெரியுமாம்மா? உன் மேல பாவம் இல்ல."

"பாவம்னு யாரு சொன்னா? நான் கேட்டேன்னு சொல்றேன். முனகிக்கினே எழுந்து போனாரு. எனுக்காவப் போனாரு. பத்தொம்போது வருசமா நான் கேட்டு அந்த மனுசன் செஞ்சத எல்லாம், வேற யாரோ செய்ய வச்சாங்கன்னு ஆக்கிடாதீங்க சாரு. என் கையில அது ஒண்ணுதான் மீதி இருக்குது."

அவளுடைய அண்ணன், "ஏம்மா, சாருகிட்ட இன்னா பேச்சு பேசற" என்று அதட்டினான். நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து வந்தேன். உப்பங்கழி ஓரமாகவே நடந்தேன். பாத்தி வரப்பெல்லாம் உடைந்து, எங்கே பார்த்தாலும் கருத்த சேறு. அவள் செய்ததில் ஒரு தவறும் இல்லை. மீன் வாங்கி வா என்று சொல்லாத வீடு இந்தக் கரையில் உண்டா? ஆனாலும் 'நான் கேட்டேன்' என்று தலை நிமிர்ந்து சொன்னாள். நான் செய்தது தெரிந்தே செய்தது. நான்தான் 'அவர் சித்தம்' என்று சொல்லித் திரிந்தேன். குற்றம் இல்லாதவள் தன் செயலைத் தன்னுடையது என்கிறாள், குற்றம் செய்தவன் அதைக் கடவுள் பெயரில் எழுதி வைத்துவிட்டு அவளுக்கு ஆறுதல் சொல்லப் போகிறான்.

கடவுள் எல்லாவற்றையும் முன்கூட்டி அறிந்திருக்கிறார் என்றால் நாம் செய்வதற்கு நாம் எப்படிப் பொறுப்பாவோம் என்று வாலிபர் வேதபாட வகுப்பில் நீ பதினாறு வயதில் கேட்டாய். நான் உடனே ஓர் உதாரணம் சொன்னேன். "நாளைக்கு எவன் வீட்டுப்பாடம் எழுதாம வருவான்னு எனக்கு இன்னிக்கே தெரியும். எனக்குத் தெரியறதாலயா அவன் எழுதாம வர்றான்?" எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும், "ஆனா அந்தப் பையன நீங்க உண்டாக்கலயேப்பா" என்றாய். நான் மணியைப் பார்த்துவிட்டு வகுப்பை முடித்தேன். இப்போது சொல்கிறேன், நீ சொன்னது சரி. என் உதாரணம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போக என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. அவருடைய அறிவும் என் தெரிவும் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன என்று பெரிய பெரிய வேதசாஸ்திரிகள் காலங்காலமாக வாதாடியிருக்கிறார்கள். மரக்காணத்து நடுநிலைப் பள்ளி வாத்தியார் அதைத் தீர்த்துவைக்க முடியாது.

உப்பளத்தை வைத்தும் ஓர் உதாரணம் சொல்வேன், நீ பலமுறை கேட்டிருக்கிறாய். வெயிலும் காற்றும் அவருடையது, மடையைத் திறப்பதும் பாத்தி மிதிப்பதும் நம்முடையது, இரண்டும் சேர்ந்துதான் உப்பு என்று. கேட்க அழகாக இருக்கும். ஆனால் அதில் நான் எப்போதும் நல்ல உப்பைப் பற்றியே பேசினேன். மடையை மூட மறந்து உப்பைக் கரையவிட்டவனைப் பற்றிப் பேசியதில்லை. மழை பெய்து உப்பு கரைந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. மடையை மூடாமல் போனவன் வந்து நின்று, மழையும் அவருடையது, மறதியும் அவருடையது என்று சொன்னால், உப்பள மேஸ்திரி அவனை என்ன செய்வார் என்று உனக்கே தெரியும். கூலியாட்களுக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் பிரசங்கம் செய்தவனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

எனக்கும் காரணங்கள் உண்டு. ஒன்பது வயதில் என்னை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார்கள். விட்டுவிட்டுப் போகிறவர்களின் முதுகைப் பார்த்து நிற்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயம்தான் அன்று டம்ளரைக் குலுக்கியது என்று சொன்னால் பொய்யாகாது. ஆனால் அதே பயம் உள்ள எத்தனையோ பேர் பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார்கள். பயம் என்னைத் தள்ளியது உண்மை. முதல் சீட்டுக்கும் இரண்டாவது சீட்டுக்கும் நடுவே ஒரு நிமிஷம் இருந்தது, அதுவும் உண்மை. கதவுக்கு அந்தப் பக்கம் நீ அம்மாவுக்கு முள் நீக்கி மீன் கொடுத்துக்கொண்டே பேசிய சத்தம்கூட எனக்குக் கேட்டது. அந்த நிமிஷத்தில் என்னால் எழுந்து வெளியே வந்திருக்க முடியும். முடியாமல் இருந்தது என்று நான் இப்போது சொன்னால், கேட்பதற்கு நியாயம் போல இருக்கும். எனக்கு அது பொய் என்று தெரியும்.

ஏதேன் தோட்டத்தில் விலக்கின பழத்தைத் தின்று மாட்டிக்கொண்ட முதல் மனிதனை நாம் ஞாயிறு பள்ளியில் நாடகமாகப் போடுவோமே. ஏன் தின்றாய் என்று கேட்டால், நீர் எனக்குத் தந்த பெண் கொடுத்தாள் என்பான். பெண்ணையும் குறை சொல்லி, தந்தவரையும் சேர்த்துக் குறை சொல்வான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே சிரித்திருக்கிறேன். அவன் பிடிபட்ட பிறகுதான் அப்படிச் சொன்னான். நான் பிடிபடுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

சிலுவைக்கு முந்தின இராத்திரி ஆண்டவர் தோட்டத்தில் பண்ணின ஜெபத்தை எத்தனை முறை வாசித்திருக்கிறோம். உம்முடைய சித்தத்தின்படி ஆகட்டும் என்பதையே பிடித்துக்கொண்டு நான் வருஷா வருஷம் பெரிய வெள்ளியில் பேசியிருக்கிறேன். இந்த ஒன்றரை வருஷமாகத்தான் அதற்கு முன்னால் அவர் சொன்னது என் கண்ணில் படுகிறது. எனக்கு இது வேண்டாம், முடியுமானால் நீக்கிவிடும் என்று முதலில் தம்முடைய ஆசையைச் சொன்னார். வியர்த்துக்கொண்டு, மறைக்காமல் சொன்னார். தம் விருப்பம் இன்னதென்று வெளியே வைத்த பிறகுதான் அதைக் கீழே போட்டார். நான் முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதிக்குத் தாவினேன். என்னிடம் ஓர் ஆசை இருக்கிறது என்றே ஒப்புக்கொள்ளாதவன் அதை எப்படி ஒப்படைக்க முடியும்? ஒப்படைக்கவில்லை. கர்த்தருடைய சட்டையை அதற்குப் போட்டுவிட்டு, என் ஆசையையே நிறைவேற்றிக்கொண்டேன்.

மார்த்தா வீட்டிலிருந்து வந்த அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் கடத்தினேன். யாராவது சீட்டுப் போடக் கேட்டு வந்தால், கை நடுங்குகிறது, வேறு யாரையாவது பாருங்கள் என்றேன். அதுவும் பொய். கரும்பலகையில் இன்றைக்கும் நேர்கோடு போடுவேன். போன மாதம் உன் வேதபுத்தகத்தில் ஒரு வசனம் தேடும்போது, அந்த 'வேண்டாம்' சீட்டு உள்ளே இருந்ததைப் பார்த்தேன். சுருக்கத்தை நீவி, ஓரம் மடங்காமல் வைத்திருக்கிறாய். கர்த்தர் உனக்கு எழுதிக் கொடுத்ததாக நினைத்து வைத்திருக்கிறாய். அது என் கையெழுத்து, சுகந்தி. முழுக்க முழுக்க என்னுடையது.

அம்மாவிடம் செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டேன். அவள் வியப்படையவில்லை. "டம்ளர் சத்தம் மூணு தபா கேட்டுச்சே, எனக்குத் தெரியாதா?" என்றாள். அப்போதே கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டா, ஜெபம் பண்ணேன்னு சொல்லியிருப்பீங்க. டம்ளரால யாரு ஜெபம் பண்றாங்க?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கும் அவ இருக்கணும்னுதான் இருந்துச்சு. அதான் கேக்கல" என்றாள். இதை உன்னிடம் சொல்லச் சொன்னதும் அவள்தான். தன் பங்கையும் சேர்த்து என் தலையிலேயே கட்ட வேண்டாம் என்கிறாள்.

இப்போது எனக்குள்ள பயம் வேறு. இதைப் படித்ததும் நீ, முதலில் இரண்டு தடவை 'போகலாம்' வந்ததே, அப்படியானால் கர்த்தர் போகத்தான் சொல்லியிருக்கிறார் என்று கிளம்பிவிடுவாயோ என்பது. அப்படிச் செய்யாதே. மூன்றாவது சீட்டுக்குக் கட்டுப்பட்டு இருந்ததும், முதல் சீட்டுக்குக் கட்டுப்பட்டுப் போவதும் ஒன்றுதான். இரண்டிலும் நீ இல்லை. கீழ்ப்படிதல் வேறு, தெரிந்தெடுக்கிற கஷ்டத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அவர் உன்னை உப்பு மூட்டையைப் போல இங்கிருந்து அங்கே தூக்கி வைக்க நினைத்திருந்தால், உனக்கு வாயும் அறிவும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷமாகப் பொறுத்திருந்து, எங்களுக்குச் சொல்லாமல் மறுபடி எழுதிப் போட்டாயே, அதை எழுதிய கை யாருடையது என்று யோசித்துப் பார். அவர் சித்தம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவள் அங்கேயும் கொஞ்சம் தேட வேண்டாமா?

இன்னொன்று. அம்மாவுக்கு ஊசி போட நான் கற்றுக்கொண்டேன். புதன்கிழமை முதல் நான்தான் போடுகிறேன். "தடுப்பூசி நர்ஸு ஸ்கூலுக்கு வந்தா பசங்களுக்கு முன்னாடி ஓடுன ஆளு, இப்ப எனக்குப் போட வர்றாரு" என்று அம்மா நேற்றுக் கூனிமேட்டிலிருந்து வந்த துணிக்காரம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். இதை உன்னைப் போகச் சொல்வதற்காக எழுதவில்லை. நீ யோசிக்கும்போது ஊசியை ஒரு காரணமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இந்த இரண்டு வருஷத்தை உனக்குத் திருப்பித் தர என்னால் முடியாது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். ஆனால் எல்லாம் நன்மைக்கே என்று மட்டும் சொல்லாதே. இந்த இரண்டு வருஷத்தில் நல்லது எதுவும் நடந்திருந்தால் அது கர்த்தருடைய இரக்கம், உன் பொறுமை. அதைக் காட்டி நான் செய்ததை நியாயமாக்கிவிடாதே. மன்னிக்க நாளாகுமென்றால் நாளாகட்டும். நான் காத்திருப்பேன்.

கடைசியாக, நீ அன்று கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. உங்களுக்கு என்ன ஆசை என்று கேட்டாய். எனக்கு நீ போகக் கூடாது என்றுதான் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. சாயங்காலம் உன் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருப்பேன், உனக்குத் தெரியாது. நீ மலைக்குப் போனால் அந்தச் சத்தம் இருக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது. இது உன் அப்பனுடைய ஆசை, அவ்வளவுதான். இதில் கர்த்தருடைய பெயரை நான் எழுதவில்லை. உன் அப்பன் ஆசைப்படுகிறான் என்பதற்காக நீ இருக்க வேண்டியதும் இல்லை. கேட்டாய், இரண்டு வருஷம் தாமதமாகப் பதில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வெளியறையில் உட்கார்ந்திருப்பேன். நீ வந்து போறேன் என்றோ, போவல என்றோ சொல். ஏன் என்று கேட்க மாட்டேன். எதைச் சொன்னாலும் அது உன் குரலில் இருக்கட்டும். டம்ளரில் உனக்குக் காபி இருக்கும்.

அப்பா